தோட்டத்து வாசலுக்கு வந்த மளிகை

எங்கள் வீட்டு முகவரியை எந்தச் செயலியும் இதுவரை சரியாகக் கண்டுபிடித்ததில்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, முன்பு பால்மரக் (ரப்பர்) காடாக இருந்து இப்போது செம்பனைக் காடாகிவிட்ட ஒரு தோட்டத்தில், எஞ்சியிருக்கும் இரண்டு வரிசை வீடுகளுள் எங்களுடையது கடைசி வீடு. 31100 என்ற அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் திரையில் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியை நம்பி வருபவர், செம்பனை மரங்களுக்கிடையே குலை ஏற்றும் லோரிகள் திரும்பும் மேட்டில் வந்து நிற்பார். எங்கள் சாலைக்குப் பெயர் இல்லை. "மாரியம்மன் கோவிலைத் தாண்டி, பழைய ஆலைக்கு இடப்பக்கம், இரண்டாவது வரிசையில் கடைசி வீடு, வாசலில் முருங்கை மரம்" என்பதுதான் எங்கள் முகவரி. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், அந்த முகவரிக்கு அரிசியும் பருப்பும் முட்டையும் எப்படி வந்து சேர்ந்தன என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று பல நாளாக எண்ணியிருந்தேன். பெருந்தொற்றைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மருத்துவமனைகளைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் பேசுகிறோம். அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால், வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லப்பட்ட மக்கள் வீட்டிலேயே இருக்க முடிந்ததென்றால், அவர்களுக்காக யாரோ வெளியே போய் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு அப்படிப் போய் வந்தவர்கள், பட்டணத்து மளிகைக் கடைக்கார அண்ணனும் அவரிடம் வேலை பார்த்த பத்தொன்பது வயதுத் தம்பியும்.

மார்ச் 16ஆம் தேதி இரவு, அன்றைய பிரதமர் முகைதீன் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி, 18ஆம் தேதி முதல் மாத இறுதி வரை நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருக்கும் என்று அறிவித்தார். மறுநாள் காலை நான் பட்டணத்துக்குப் போனபோது ரொட்டித் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. மேகி இல்லை, முட்டை இல்லை, பத்துக் கிலோ அரிசிப் பைகளை ஆளுக்கு மூன்று நான்கென்று தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அச்சம் யாருக்கும் பொதுவானது. ஆனால் அந்த வரிசையில் எங்கள் தோட்டத்து ஆட்களில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. தோட்டத்தில் சம்பளம் மாதத்தின் முதல் வாரத்தில் வரும். 17ஆம் தேதியென்றால் பெரும்பாலான வீடுகளில் கையிருப்பு தீர்ந்து, கடையில் கணக்கு எழுதி வாங்கத் தொடங்கியிருப்பார்கள். வாங்கிக் குவிப்பதற்கும் கையில் ரொக்கம் வேண்டும் அல்லவா?

பிறகு விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. 22ஆம் தேதி முதல் காவல்துறையினருடன் இராணுவத்தினரும் சாலைத் தடுப்புகளில் நின்றார்கள். சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர், அதுவும் குடும்பத் தலைவர் மட்டுமே போகலாம். ஏப்ரல் 1 முதல் வீட்டிலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் போக வேண்டும். கடைகள் காலை 8 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்குள் அடைத்துவிட வேண்டும். மீறினால் 1,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். இந்த விதிகளின் தேவையை நான் அன்றும் ஏற்றேன், இன்றும் ஏற்கிறேன். ஆயினும் குடும்பத் தலைவர் என்று சொன்னவுடன் கார் ஓட்டத் தெரிந்த, நடுவயதுள்ள, உடல் நலமுள்ள ஒருவரைத்தான் மனம் நினைக்கிறது. எங்கள் இரண்டு வரிசைகளிலும் இருந்த இருபத்திரண்டு வீடுகளில் ஒன்பது வீடுகளின் குடும்பத் தலைவர், தனியாக வாழும் ஒரு மூதாட்டி. பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். பட்டணத்துப் பேருந்து எங்கள் பக்கம் வருவது எப்போதோ நின்றுவிட்டது. வழக்கமாக அவர்கள் சம்பள நாளில் யாராவது ஒருவருடைய காரில் நான்கு பேராக ஏறிப் போவார்கள். இப்போது காரில் ஒருவருக்கு மேல் ஏற முடியாது.

எங்கள் வீட்டிலும் நிலைமை எளிதாக இல்லை. அம்மாவுக்கு அப்போது எழுபத்தைந்து வயது. இருபது ஆண்டுகளாக நீரிழிவு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இந்த நோய் கடுமையாக வரும் என்று சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா நாள்தோறும் மாலையில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கடைக்குப் போய்க் கூட்டத்தில் நின்று, நோயைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவுக்குக் கொடுத்துவிடுவேனோ என்ற பயம் என்னை உறங்கவிடவில்லை. ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு பெரிய கடையின் செயலியில் சாமான் கேட்டுப் பதிவு செய்தேன். பணத்தை உடனே எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாள் என்றார்கள், பிறகு ஆறு நாள் என்றார்கள், ஒன்பதாவது நாள் "உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. பணம் திரும்பி வர மேலும் மூன்று வாரங்கள் ஆயின. அந்த ஒன்பது நாளும் முருங்கைக்கீரையும், வீட்டுப் பின்புறத்து மரவள்ளிக்கிழங்கும், இருந்த பருப்புமாகச் சமாளித்தோம்.

மரவள்ளிக்கிழங்கை அவித்து வைத்தபோது அம்மா சொன்னதை இங்கே எழுத வேண்டும். ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் ஊரே இந்தக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்ததாகத் தம் தாயார் சொல்லக் கேட்டவர் அவர். ஆனால் அவரே கண்டது அவசரகாலம். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பின்னர், காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று அரசாங்கம் உணவைக் கட்டுப்படுத்தியது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. தகரத்தில் அடைத்த உணவைக் கடைக்காரர் விற்கும்போதே துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதைச் சேர்த்து வைத்துக் காட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள் என்பது கணக்கு. வேலைக்குப் போகும் பெண்களின் வாளியைக் கூட வேலிக் கதவருகே திறந்து பார்த்ததை, ஆறேழு வயதுச் சிறுமியாக அம்மா பார்த்திருக்கிறார். "அப்ப வேலிக்கு வெளியே சோறு போகக் கூடாதுன்னு நிறுத்துனாங்க, இப்ப வேலிக்கு உள்ளே சோறு வர வழியைக் காணோம்" என்றார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. இரண்டையும் பார்த்துவிட்டவர் என்ற முறையில் சொன்னார்.

உண்மையில், வீட்டு வாசலுக்குச் சாமான் வருவது தோட்டத்து மக்களுக்குப் புதிதே அன்று. நகரத்தார் அதைக் கைப்பேசி வந்த பிறகு கண்டுகொண்டார்கள். நாங்கள் அதிலேயே வளர்ந்தவர்கள். காலையில் பால்காரர், பத்து மணிக்கு மோட்டாரின் பின்னால் பெட்டி கட்டி வரும் மீன்காரர், மாலையில் ஊதுகுழலை அமுக்கிக்கொண்டு வரும் ரொட்டிக்காரர், வாரத்தில் இரண்டு நாள் காய்கறி வேன், தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே தவணைக்குச் சேலை கொண்டுவரும் துணிக்காரர் என்று வாசலில் யாராவது நின்றுகொண்டே இருப்பார்கள். ஆணை வந்த மறுநாளே இந்த ஒலிகள் அனைத்தும் நின்றன. ரொட்டிக்காரரின் ஊதல் கேட்காத மாலை எவ்வளவு நீளமானது என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

மார்ச் கடைசி வாரத்தில்தான் பட்டணத்துக் கடைக்கார அண்ணன் எங்கள் தோட்டத்துப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு செய்தி போட்டார். தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்காக நான் தொடங்கியிருந்த குழு அது. "தோட்டத்தில் இருப்பவர்கள் யாரும் கடைக்கு வர வேண்டாம். என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சொன்னால் மறுநாள் மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வரும். கூடுதல் காசு இல்லை. கணக்கு எழுதிக்கொள்ளலாம்." அவருடைய தந்தையார் காலத்திலிருந்தே எங்கள் தோட்டம் அந்தக் கடையில்தான் சாமான் வாங்குகிறது. மூன்று ஐந்துகள் அட்டையில் அச்சிட்ட 555 புத்தகம் வீட்டுக்கு ஒன்று அங்கே இருக்கும். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சிறிய புத்தகத்தை அறியாத மலேசியர் இருக்க முடியாது. சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்த்துக் கோடு போடுவார்கள், மறுநாள் புதுக் கணக்குத் தொடங்கும்.

அண்ணனின் செய்திக்கு முதல் இரண்டு நாள்கள் பதில் மிகக் குறைவாகவே வந்தது. காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. எங்கள் மூதாட்டிகளில் பலருக்குக் கைப்பேசி இருந்தது, எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, பால்காட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் அவர்கள். நான் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, குரல் பதிவாக அனுப்பினால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "அனுப்பச் சொல்லுங்க டீச்சர், அவுங்க குரல் எனக்குத் தெரியாதா?" என்றார். அன்று மாலை முகக்கவரியை அணிந்துகொண்டு வாசல் வாசலாகப் போய், வேலிக்கு வெளியே நின்றபடி, ஒலிவாங்கிப் படத்தை எப்படி அழுத்திப் பிடிப்பது என்று ஒவ்வொருவருக்கும் காட்டினேன். இருபத்து மூன்று ஆண்டுகள் ஆசிரியராக இருந்திருக்கிறேன். அந்த ஒரு மாலையில் கற்பித்ததைப் போல் பயன்பட்ட பாடம் வேறொன்றை நான் கற்பித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பின் அண்ணனின் கைப்பேசி எங்கள் தோட்டத்துக் குரல்களால் நிரம்பியது. "தம்பி, அரிசி பழைய மாதிரியே. சீனி ஒரு கிலோ. பாக்கெட் எண்ணெய் ரெண்டு. நெத்திலி இருவது காசு கூடினாலும் பரவாயில்ல, சின்னதா பார்த்து." அதற்கு நடுவே கோழி கூவும், மழை பெய்யும், முட்டி வலியைப் பற்றி ஒரு நீண்ட செய்தி வரும். 'பழைய மாதிரியே' என்றால் எந்த அரிசி, 'பெரியவள் வீட்டுக்கு வாங்குற தூள்' என்றால் எந்த மிளகாய்த்தூள், இன்ன பாட்டி 'மருந்து' என்றால் அது கடையில் விற்கும் எந்தத் தைலம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெயர் சொல்லத் தெரியாதவற்றுக்கு ஒரு வழியை அந்தப் பெண்களே கண்டுபிடித்தார்கள்: தீர்ந்துபோன பொட்டலத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். பாபாஸ் மசாலாப் பொட்டலம், மைலோ பை, சவர்க்காரத் தூள் பை, காலியான ஊதுபத்தி அட்டை. எழுத்தறியாதவர்களுக்கு இதைவிடத் தெளிவான பட்டியல் கிடையாது.

கேட்ட பொருள் இல்லாதபோதுதான் கடைக்காரரின் அறிவு வெளிப்பட்டது. அந்தப் பெரிய கடையின் செயலியில் ஒரு பொருள் தீர்ந்துவிட்டால் அது பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அண்ணன் வேறொன்றை வைத்து அனுப்புவார். எதை வைப்பது என்பதில் கவனமாக இருப்பார். எங்கள் வீட்டுக்கு வெள்ளை ரொட்டி கேட்டிருந்தேன். அது இல்லாததால் ரொட்டியே வைக்காமல் கோதுமை மாவை வைத்து, "அம்மாவுக்குச் சீனி வியாதி, இனிப்பு பன் வைக்க மனசு வரல" என்று குரல் பதிவு அனுப்பினார். அடுத்த வீட்டுக்கு அதே ரொட்டிக்குப் பதிலாக அந்தப் பன்னைத்தான் வைத்திருந்தார், ஏனென்றால் அங்கே சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள்.

சாமான்களைக் கொண்டுவந்தவர் அந்தத் தம்பி. இடைநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தை முடித்துவிட்டு ஈப்போவில் வேலை தேடிக்கொண்டிருந்தபோது ஆணை வந்துவிட்டது. அண்ணனுடைய பழைய கஞ்சில் காரின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஒரு வரிசைக்கு ஒரு பக்கமாகப் பைகளை அடுக்கி, ஒவ்வொரு பையிலும் அட்டைத் துண்டில் வீட்டுக்காரரின் பெயரை எழுதிச் செருகி வருவார். சாலைத் தடுப்பில் காட்டக் கடைக்காரர் எழுதிய கடிதமும் கடை உரிமத்தின் நகலும் முன்கண்ணாடிக்குக் கீழே எப்போதும் இருக்கும். தோட்டத்துச் சாலையோ குலை லோரிகள் உழுது போட்ட செம்மண் பாதை. மழை பெய்தால் குழிகள் தெரியாது. முதல் வாரம் மூன்று தட்டு முட்டை உடைந்தது. உடைந்த முட்டைக்கு அவர் யாரிடமும் காசு வாங்கவில்லை. தம் கூலியில் கழித்துக்கொண்டார் என்பது எங்களுக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டோம். அடுத்த வாரத்திலிருந்து அரிசி மூட்டைகளுக்கு நடுவே பள்ளம் செய்து, பழைய துண்டை விரித்து, அதில் முட்டைத் தட்டுகளை இறக்கி வைத்துக் கொண்டுவந்தார். அதன் பிறகு ஒரு முட்டையும் உடையவில்லை.

பையை வாசலில் வைத்துவிட்டு, மூன்று முறை ஒலி எழுப்பிவிட்டு, காருக்குள் ஏறிக்கொள்வார். பணம் கொடுப்பவர்கள் மைலோ டின்னில் போட்டு வேலியில் தொங்கவிடுவார்கள். நாங்களோ பொட்டலங்களை ஒவ்வொன்றாகச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, வெயிலில் காயவைத்து, வெங்காயத்தைக் கூடக் கழுவி எடுத்து வைத்தோம். பொருள்களின் மேற்பரப்பைத் தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் கூறியது. அதாவது, எங்கள் பொட்டலங்களில் பெரிதாக ஆபத்து இருக்கவில்லை. மூடிய இடத்தில் பலர் கூடி ஒரே காற்றைச் சுவாசிப்பதில்தான் இருந்தது. எங்கள் இருபத்திரண்டு வீடுகளின் சார்பில் அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள் அந்த இருவரும்தான். கடைக்குள் நாள் முழுவதும் நின்றவர்கள், மொத்தச் சந்தைக்கு விடியற்காலையில் போய் வந்தவர்கள், தடுப்பூசி எதுவும் இல்லாத 2020இல் அதைச் செய்தவர்கள். ஏப்ரலில் மூன்றடுக்கு முகக்கவரிக்கு உச்சவரம்பு விலை ஒன்று 1.50 வெள்ளி. அந்தத் தம்பி ஒன்றையே துவைத்துத் துவைத்து அணிந்திருந்ததைப் பார்த்த அம்மா, தம் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து ஆறு முகக்கவரிகளைத் தைத்து மைலோ டின்னில் போட்டு வைத்தார்.

அரசாங்கம் மார்ச் மாத இறுதியில் அறிவித்த பரிவு உதவித் திட்டம் எங்கள் தோட்டத்துக்குப் பேருதவியாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மாதம் 4,000 வெள்ளிக்கு உட்பட்ட வருமானமுள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி. அதன் முதல் பகுதி ஏப்ரலில் வந்தபோது பல 555 புத்தகங்களில் கோடு விழுந்தது. மின்னழைப்பு வாகன ஓட்டுநர்களுக்கும் ஒருமுறை உதவியாக 500 வெள்ளி கொடுத்தார்கள். ஆனால் தனிநபர் உதவிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், தம்பிக்குப் பத்தொன்பது. அவர் எந்தச் செயலியிலும் பதிவு பெற்ற ஓட்டுநரும் அல்லர். ஒரு மளிகைக் கடையின் நாள் கூலிப் பையன் என்ற அவருடைய வேலைக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. முன்களப் பணியாளர்களுக்காக எங்கள் பள்ளி மாணவர்களை நன்றி அட்டை வரையச் சொன்னபோது, எல்லாப் பிள்ளைகளும் மருத்துவரையும் காவலரையும் வரைந்திருந்தார்கள். எங்கள் தோட்டத்து இரண்டாம் வகுப்புப் பெண் மட்டும் ஒரு நீலக் காரையும் முட்டைத் தட்டையும் வரைந்து அனுப்பினாள். அந்தப் படத்தை நான் தம்பியின் கையிலேயே கொடுத்தேன்.

காய்கறிதான் முதலில் கிடைக்காமல் போனது. அதே மார்ச் மாதக் கடைசியில் கேமரன் மலையில் விவசாயிகள் முட்டைக்கோசையும் தக்காளியையும் டன் கணக்கில் கொட்டி அழித்த படங்கள் செய்தியில் வந்தன. சந்தைகளின் நேரம் குறைக்கப்பட்டு, உணவகங்கள் வாங்குவது நின்று, சரக்கைக் கொண்டுபோக வழியில்லாமல் அவர்கள் அதைச் செய்தார்கள். எங்களிடமிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் காய்கறி அழுகிக்கொண்டிருந்தது, இங்கே மூதாட்டிகள் கருவாட்டையும் ஊறுகாயையும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தமக்குத் தெரிந்த லோரிக்காரர் ஒருவரைப் பிடித்து, வாரத்தில் ஒரு நாள் ஒரு கலவைப் பையாகக் காய்கறியை இறக்கினார்: கோசு, தக்காளி, கேரட், ஒரு கட்டு சாவிக் கீரை. எது வருகிறதோ அதுதான், தேர்ந்தெடுக்க முடியாது. சித்திரைப் புத்தாண்டுக்கு, ஏப்ரல் 14 அன்று, எல்லா வீட்டுப் பைகளிலும் காசு வாங்காமல் ஒரு மாங்காயையும் வைத்து அனுப்பியிருந்தார்.

இன்னொன்றும் நடந்தது; அதை நான் எதிர்பார்க்கவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போக முடியாது, சிங்கப்பூர்ப் பாலம் அடைபட்டுவிட்டது. அங்கே வேலை செய்த பிள்ளைகள் அங்கேயே இருந்துவிட்டார்கள், வந்தவர்கள் வேலையை இழந்தார்கள். அவர்களில் சிலர் கடையின் எண்ணை எப்படியோ வாங்கி, அண்ணனின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பி, "அம்மாவுக்கு இந்த மாதச் சாமான்" என்று கேட்கத் தொடங்கினார்கள். உட்லண்ட்ஸில் ஒரு தங்கும் விடுதியிலிருந்து மகன் கேட்க, சுங்கை சிப்புட் கடையில் கட்டப்பட்டு, தாயின் வாசலுக்கு மளிகை வரும். மகன் எழுதும் பட்டியலில் ஓட்ஸும் பாதாமும் இருக்கும். அண்ணன் அதை அனுப்பிவிட்டு, தாய் உண்மையில் உண்ணும் பொருள்களைப் பற்றி மகனிடம் பேசுவார். பையைக் கொடுத்துவிட்டு வரும் தம்பி, பாட்டி எப்படி இருக்கிறார், கால் வீக்கம் குறைந்ததா, குரல் தளர்ந்திருக்கிறதா என்பதைச் சொல்லுவார். அப்படித்தான் முதல் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தோம். முதல் நாள் வைத்த பை வாசலிலேயே கிடந்ததைப் பார்த்து, தம்பி எனக்கு அழைத்தார். அவருக்கு வந்திருந்தது கோவிட் அன்று, சிறுநீர்த் தொற்று. மருத்துவமனையில் ஆறு நாள் இருந்து திரும்பி வந்தார், இன்றும் இருக்கிறார். பையை வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடும் சேவையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

தோட்டத்தின் மறுகோடியில் வங்காளதேசத் தொழிலாளர்களின் குடியிருப்பு இருந்தது. செம்பனை வேலை கட்டுப்பாட்டுக் காலத்திலும் நிற்கவில்லை. அவர்கள் குலை அறுத்தார்கள், லோரிகள் ஓடின. ஆனால் கடைக்குப் போக அவர்கள் அஞ்சினார்கள், அரசாங்க உதவித் தொகை குடிமக்களுக்கானது. அண்ணன் மே மாதத்திலிருந்து அவர்களுக்கும் கணக்குத் திறந்தார். அது எங்கள் ஆட்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை; அவர்கள் ஓடிப்போனால் கணக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு காசும் பாக்கி இல்லாமல் வந்துவிட்டது என்று அண்ணன் பிற்பாடு என்னிடம் சொன்னார். பாக்கி நின்றது எங்கள் கணக்குகளில்தான்.

2021 இன்னும் கடினமாக இருந்தது. ஜூன் மாதம் முழு ஊரடங்கு வந்தபோது பட்டணத்தில் சிறு வேலைகள் அனைத்தும் நின்றன. முடிதிருத்தும் கடை, தையல், கட்டுமானம், கலியாண மண்டபத்துச் சமையல் என்று தோட்டத்து இளைஞர்கள் நம்பியிருந்தவை அவைதாம். அந்த மாத இறுதியில், உதவி வேண்டுவோர் வாசலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்ற அழைப்பு நாடெங்கும் பரவியது. எங்கள் வரிசையில் ஒரே ஒரு வீட்டில் வெள்ளைத் துணி தொங்கியது. அதையும் இரவில் கட்டி விடியுமுன் அவிழ்த்துவிட்டார்கள். கொடி கட்டக் கூசியவர்களின் நிலையைத் தம்பி பைகளின் கனத்திலிருந்தே அறிந்திருந்தார். பத்துக் கிலோ அரிசி கேட்டவர் ஐந்து கேட்டார், பிறகு இரண்டு கேட்டார், பிறகு குரல் பதிவே வரவில்லை. குரல் பதிவு வராத வீட்டுக்கு அண்ணன் தாமாகவே பையை அனுப்பினார், 555 புத்தகத்தில் எழுதியும் வைத்தார். இலவசம் என்று சொன்னால் வாங்க மாட்டார்கள், கணக்கு என்றால் வாங்குவார்கள் என்பது அவருடைய எண்ணம். தோட்டத்து மக்களின் தன்மானத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்து நடந்த வேறொருவரை நான் கண்டதில்லை.

அந்தக் கணக்குகள் இன்னும் முழுமையாகத் தீரவில்லை என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். சாலைகள் திறந்ததும் பலர் மலிவு விலை பார்த்துப் பெரிய கடைகளுக்குப் போய்விட்டார்கள். பழைய பாக்கியோடு அண்ணனின் முகத்தைப் பார்க்கக் கூசித்தான் பாதிப் பேர் போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களிடம் நான் பேசியிருக்கிறேன், சிலர் மாதம் இருபது முப்பது வெள்ளி என்று கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். இதைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர் எவருக்கேனும் அப்படி ஒரு பழைய புத்தகம் நினைவுக்கு வந்தால், சிறு தொகையோடு போய் நில்லுங்கள். அவர் ஒரு வார்த்தையும் கேட்க மாட்டார்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி சிங்கப்பூர்த் தரைவழி எல்லை மீண்டும் திறக்கப்பட்டது. மூன்றாவது வாரம் தம்பி அங்கே ஒரு கிடங்கில் வேலை கிடைத்துப் புறப்பட்டார். புறப்படுவதற்கு முதல் நாள் கடைசிச் சுற்று வந்தவர், அன்று காருக்குள் ஏறிக்கொள்ளாமல் இருபத்திரண்டு வாசல்களிலும் நின்று பேசிவிட்டுப் போனார். கஞ்சில் காரை அண்ணன் விற்றுவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் அந்தக் கூலிக்கு இப்போது யாரும் வருவதில்லை.

இருந்தாலும் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் எங்கள் மூதாட்டிகள் அந்த எண்ணுக்குக் குரல் பதிவு அனுப்புவதை விடவில்லை. சனிக்கிழமை காலையில் நான் கடைக்குப் போகும்போது, பெயர் எழுதிய அட்டைத் துண்டுகளோடு ஏழு பைகள் தயாராக இருக்கும். நாளைக்கு எட்டு என்று அண்ணன் சற்று முன்பு செய்தி அனுப்பினார். முதல் வரிசைப் பெரியம்மா இரண்டு தட்டு முட்டை கேட்டிருக்கிறார், பேரப்பிள்ளைகள் வருகிறார்களாம். பின் இருக்கையில் விரிக்கப் பழைய துண்டை இப்போதே எடுத்து வைக்க வேண்டும்.